ஐந்துக்கு ஒன்பது கட்டம்: விம் கிரௌவெலின் ‘புதிய எழுத்துவரிசை’

1967இல் நெதர்லாந்தின் ஹில்வர்சம் ஊரிலிருந்து சதுர வடிவில் ஒரு மெல்லிய வெளியீடு வந்தது. அதில் அச்சாகியிருந்தவை ரோமன் எழுத்துகள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வளைவு கிடையாது, சாய்கோடு கிடையாது. படுக்கைக்கோடும் நிமிர்கோடும் மட்டுமே. அவை சந்திக்கும் மூலைகள் 45 பாகையில் சீவப்பட்டிருந்தன. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். பக்கத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த தந்தியோ என்று தோன்றும். அதற்கு டச்சு வடிவமைப்பாளர் விம் கிரௌவெல் வைத்த பெயர் எளிமையானது: புதிய எழுத்துவரிசை. ஆங்கிலத்தில் நியூ ஆல்ஃபபெட்.

இன்று விளையாட்டுச் செயலிகளிலும் அறிவியல் புனைவுப் பட முகப்புகளிலும் மின்னிசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளிலும் கோணலும் முனையுமாக ‘எதிர்கால’ எழுத்துருக்களைப் பார்க்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை தோற்றத்துக்காகச் செய்யப்பட்டவை. கிரௌவெலின் எழுத்து அப்படிப் பிறந்ததில்லை. ஓர் இயந்திரத்தின் குறைக்கு விடை தேடும்போது அந்தத் தோற்றம் தானாக வந்து சேர்ந்தது. அந்த விடை பயன்பட்டதா, பயன்படவில்லை என்றால் எழுத்துரு மட்டும் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? இந்த இரண்டையும் அறியத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

இயந்திரம் வைத்த கேள்வி

ஈயத்தில் வார்த்த அச்செழுத்து அறுபதுகளில் விடைபெறத் தொடங்கியிருந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் ருடால்ஃப் ஹெல் நடத்திய நிறுவனம் 1965இல் டிஜிசெட் என்ற அச்சுக்கோப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. எழுத்தைப் புள்ளிகளாக உடைத்து நினைவகத்தில் வைப்பார்கள். அந்தப் புள்ளிகள், பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தது போன்ற கேத்தோடு கதிர்க்குழாயின் திரையில் கோடு கோடாக ஒளிரும். அந்த ஒளி ஒளிப்படத் தாளில் பதியும். எழுத்து என்பது எண்களின் தொகுப்பாக மாறியது இங்கேதான். இன்று நம் கைபேசியில் உள்ள ஒவ்வொரு ஃபாண்ட்டும் அந்த மாற்றத்தின் வழிவந்தது.

ஜெர்மனியில் நடந்த ஓர் அச்சுத் தொழில் கண்காட்சியில் கிரௌவெல் அந்த இயந்திரத்தின் மாதிரிகளைப் பார்த்தார். 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வார்ப்புக்கலையின் பெருமையான கரமோன் எழுத்தை அதில் கோத்துக் காட்டியிருந்தார்கள். பெரிய அளவில் ஒரு வடிவம், சிறிய அளவில் வேறொரு வடிவம். வளைவுகளின் ஓரங்கள் படிக்கட்டாக உடைந்திருந்தன.

புள்ளிக்கோலம் போட்டவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். வெறும் புள்ளிகளை வைத்தே ஒரு வட்டத்தைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வரிசைப் புள்ளி இருந்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். ஐந்து வரிசைதான் என்றால் அது எண்கோணமாகிவிடும். புள்ளிகளின் எண்ணிக்கை மாற மாற வடிவமும் மாறிவிடுகிறது. சதுரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐந்து வரிசையிலும் அது சதுரம், ஐம்பது வரிசையிலும் சதுரம். படுக்கைக்கோடும் நிமிர்கோடும் எந்த அளவிலும் தம் உருவத்தை இழப்பதில்லை.

கிரௌவெல் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டார். வளைவைத் திறம்பட வரைய வக்கில்லாத இயந்திரத்திடம் ஏன் வளைவைக் கேட்க வேண்டும்? நானூறு ஆண்டுப் பழைய வடிவத்தைப் புதிய கருவியில் திணித்து இரண்டையும் கெடுப்பதை விட, அந்தக் கருவியால் பிழையின்றி எழுத முடிந்ததை வைத்தே எழுத்துகளை மறுபடி கட்டினால் என்ன?

யார் இவர்

விம் கிரௌவெல் 1928இல் குரோனிங்கன் நகரில் பிறந்தவர். ஓவியராகத் தொடங்கி வடிவமைப்புக்கு வந்தார். 1963இல் நண்பர்களோடு ஆம்ஸ்டர்டாமில் டோட்டல் டிசைன் என்ற நிறுவனத்தை அமைத்தார். 1964 முதல் அந்நகரின் ஸ்டெடெலைக் அருங்காட்சியகத்துக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சுவரொட்டியும் காட்சிப் பட்டியலும் செய்தவர். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டம் ஓடும். 1968இல் ‘வடிவமைப்பாளர்கள்’ என்ற பொருள் தரும் தலைப்பில் நடந்த கண்காட்சிக்குச் சுவரொட்டி செய்தபோது, வழக்கமாக அச்சில் மறைந்துபோகும் அந்தக் கட்டக் கோடுகளையே அச்சிட்டுவிட்டார். கட்டத்தின் மீது அவருக்கிருந்த பற்றைப் பார்த்துச் சகத்தொழிலர் வைத்த பட்டப்பெயர் ‘மிஸ்டர் கிரிட்னிக்’; கிரிட் என்றால் கட்டம். எனவே புதிய எழுத்துவரிசை திடீரென்று வந்த கிறுக்கு அல்ல. பல ஆண்டுகளாகக் கட்டத்தோடு வாழ்ந்த ஒருவர் அதன் கடைசி எல்லை வரை நடந்து பார்த்திருக்கிறார்.

ஹில்வர்சத்தின் தெ யோங் அச்சகம் பீட்டர் பிராட்டிங்காவின் பொறுப்பில் ‘சதுரத் தாள்கள்’ என்ற பொருளுள்ள தொடரை வெளியிட்டு வந்தது. விற்பனையை எண்ணாமல் அச்சுக்கலையில் சோதனை செய்து பார்க்க இடம் கொடுத்த தொடர் அது. இந்த எழுத்துருவின் வரலாற்றில் அந்த இடத்துக்கும் பங்கு உண்டு. அச்சகமோ விளம்பர வாடிக்கையாளரோ கேட்டுச் செய்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க விடமாட்டார்கள்.

கட்டம் கட்டமாக

அடிப்படை அலகு ஐந்துக்கு ஒன்பது. ஐந்து கட்ட அகலம், ஒன்பது கட்ட உயரம். எல்லா எழுத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

முதல் சிக்கல் ‘எம்’, ‘டபிள்யூ’ இரண்டிலும் வந்தது. ரோமன் எழுத்துகளில் இவைதான் பருத்தவை. மூன்று நிமிர்கோடுகளை ஐந்து கட்டத்துக்குள் நெருக்கினால் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம், அடைத்துப்போகும். கிரௌவெல் அந்த வடிவங்களையே கைவிட்டார். ‘என்’ எழுத்தின் அடியில் ஒரு கோடு போட்டால் அது ‘எம்’. ‘வி’யின் அடியில் கோடு போட்டால் ‘டபிள்யூ’. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இது வடிவம் வரைவதைத் தாண்டி எழுத்து முறையிலேயே கை வைக்கும் செயல். ஒரு குறியைச் சேர்த்து இன்னொரு ஒலியைப் பெறுவது குறி போட்டு உயிர்மெய் எழுதும் நமக்கு இயல்பாகப் படும். ஆங்கிலம் எழுதும் ரோமன் எழுத்துக்கு அது அந்நியம்.

இரண்டாவது, பெரிய எழுத்துகள். தனியாக இன்னொரு 26 வடிவம் எதற்கு? இருக்கும் எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் அது பெரிய எழுத்து. தீர்ந்தது.

மூன்றாவது, சாய்கோடுள்ள எழுத்துகள்: ‘கே’, ‘எக்ஸ்’, ‘இசட்’, ‘வி’. சாய்வையே அடையாளமாகக் கொண்டவற்றைச் சாய்வில்லாமல் எழுதுவது பெரிய சோதனை. இங்கேதான் வடிவங்கள் பழைய உருவத்தை விட்டு வெகுதூரம் போயின. மூலையில் சீவிய 45 பாகை வெட்டு மட்டுமே சாய்வுக்கு மிச்சம்.

எலும்புக்கூடு முழுவதும் அலகுகளால் ஆனதால் அதை நெட்டையாக இழுக்கலாம், அகலமாக விரிக்கலாம், கோட்டைத் தடிப்பாக்கலாம். விகிதம் மாறினாலும் கட்டுமானம் மாறாது. வளைவுள்ள எழுத்தை இப்படி இழுத்தால் அது கோணிப்போகும் என்பது ஃபாண்ட்டை இழுத்து நீட்டிப் பார்த்த எவருக்கும் தெரியும்.

படித்தால் மட்டும் போதாது என்று கட்டத்தாள் எடுத்து ஐந்துக்கு ஒன்பதாகப் பெட்டிகள் போட்டு, அந்த வடிவங்களைப் பார்த்துப் பார்த்துச் சில சொற்களை எழுதினேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளிடம் நீட்டினேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். வேகமாக ஆங்கிலம் வாசிப்பவள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, இது சர்க்யூட் படமா?” என்று கேட்டாள். இந்த எழுத்துருவின் வலிமை, குறை இரண்டுமே அந்தக் கேள்வியில் இருக்கின்றன.

ஏன் வாசிக்க முடியவில்லை

பழக்கமின்மைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பழக்கமில்லாத கையெழுத்தையும் நாம் வாசித்துவிடுகிறோம். சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

கண் எழுத்துகளை வேறுபாட்டால் அடையாளம் காண்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்து வரி ஒன்றின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மூடிப்பாருங்கள், பெரும்பாலும் வாசித்துவிடலாம். மேல்பாதியை மூடினால் திணறுவோம். அடையாளத்தின் பெரும்பங்கு மேலே எழும் கொம்புகளிலும் வளைவு தண்டோடு சேரும் இடங்களிலும் இருக்கிறது. சில எழுத்து ஒல்லி, சில பருமன். சில உருண்டை, சில கூர்மை. இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் கண் வரியில் ஓடுகிறது.

கிரௌவெலின் விதிகள் ஒவ்வொன்றும் இந்த வேறுபாடுகளில் ஒன்றைப் பறித்தன. ஒரே அகலம் என்றதும் ஒல்லி, பருமன் போனது. நேர்கோடு மட்டும் என்றதும் உருண்டை, கூர்மை போனது. மிஞ்சியது, பெட்டியின் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எங்கே ஒரு குறுக்குக்கோடு நிற்கிறது என்ற சின்னச் சின்னக் குறிப்புகள். தட்டச்சு இயந்திரமும் ஒரே அகலத்தில்தான் எழுதியது, ஆனால் அதன் ‘ஐ’க்கு அடியில் நீண்ட பாதம் வைத்து இடத்தை நிரப்பினார்கள், ‘ஓ’வை உருண்டையாகவே விட்டுவைத்தார்கள். ஒரு வேறுபாட்டை இழந்தாலும் மற்றவற்றை அது காப்பாற்றிக்கொண்டது. இங்கே எல்லாமே ஒரே நேரத்தில் போய்விட்டன. விதிகள் எவ்வளவு ஒழுங்காகப் பொருந்தினவோ எழுத்துகள் அவ்வளவுக்கு ஒன்றைப்போல் ஒன்றாகிவிட்டன. சதுரக் கட்டத்தில் எழுத்துரு வரையத் தொடங்கும் எந்த மாணவரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

எதிர்த்தரப்பு

வெளியான அதே 1967இல் அதே சதுரத் தாள்கள் தொடரில் ஒரு மறுமொழி வந்தது. எழுதியவர் கெரார்ட் உங்கர், அப்போது 25 வயது. கலைப் பள்ளியை முடித்துக் குறுகிய காலம் டோட்டல் டிசைனில் வேலை பார்த்தவர். தலைப்பே ‘ஒரு மாற்று முன்மொழிவு’. கதிர்க்குழாயின் குறைக்கு வாசகருக்குப் பழகிய வடிவங்களுக்குள்ளேயே விடை தேடலாம் என்பது அவர் தரப்பு. பெரியவர் சொன்ன கருத்தை இளையவர் எதிர்க்க, அதையும் அதே அச்சகம் அச்சிட்டது. அந்த நாட்டின் வடிவமைப்பு உலகம் இப்படி வெளிப்படையாக வாதிட்டுத்தான் வளர்ந்தது. 1972இல் கிரௌவெலும் இன்னொரு டச்சு வடிவமைப்பாளரான யான் ஃபான் தோர்னும் ஆம்ஸ்டர்டாமின் ஃபோடர் அருங்காட்சியகத்தில் மேடையேறி நடத்திய வாதம் இன்றும் பேசப்படுகிறது.

உங்கர் மறுமொழியோடு நிற்கவில்லை. எழுபதுகளின் நடுவில் ஹெல் நிறுவனத்துக்கே எழுத்துருக்கள் வரையத் தொடங்கினார். டெமோஸ், பிராக்ஸிஸ் இரண்டும் அதே டிஜிசெட்டுக்காகப் பிறந்தவை. தடித்த மெலிந்த கோடுகளுக்கிடையே வேறுபாட்டைக் குறைத்து, எழுத்தின் நடுவுடலை உயர்த்தி, உள்வெளியைத் திறந்துவைத்து, புள்ளிப் படிக்கட்டு வாசிப்பைக் கெடுக்காதபடி பார்த்துக்கொண்டார். ஜெர்மன் கூட்டரசு பின்னாளில் தன் வெளியீடுகளுக்கு இந்தக் குடும்பத்து எழுத்துகளைத் தேர்ந்தது.

இயந்திரத்தின் சிக்கலைத் தீர்த்தவர் உங்கர்தான். இதில் எனக்கு ஐயமில்லை. கதிர்க்குழாயின் நுண்மை சில ஆண்டுகளில் பலமடங்கு உயர்ந்தது. கிரௌவெல் எந்தக் குறைக்காக எழுத்தையே மாற்றினாரோ அந்தக் குறை நீங்கிப்போனது. கருவியின் ஒரு காலத்துக் குறையை நிலையான விதியாக எடுத்துக்கொண்டது அவர் கணக்கில் நேர்ந்த பிழை என்றே சொல்வேன்.

ஆனால் கிரௌவெல் அதை அன்றாடப் பயன்பாட்டுக்கென்று முன்வைக்கவில்லை. இது மிகையான ஒன்று, உண்மையில் பயன்படுத்துவதற்காகச் செய்ததல்ல, வாசிக்க முடியாதது என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். விவாதத்தைத் தொடங்கிவைக்கும் ஆய்வாகவே அதை வைத்தார். பயன்பாட்டையே முதன்மையாகப் பேசிவந்த மனிதர், தன் வேலையில் அழகு பலமுறை முந்திக்கொண்டது என்றும் ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள்

இருபது ஆண்டுகள் கழிந்து 1988இல் மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவினரின் பாடல்தொகுப்பு ‘சப்ஸ்டன்ஸ்’ வெளியானது. வடிவமைப்பாளர் பீட்டர் சாவிலின் நிறுவனம் செய்த அதன் இசைத்தட்டு உறையில் தலைப்பு கிரௌவெலின் எழுத்தில் நிற்கிறது. ஆனால் வடிவமைப்பாளர் பிரெட் விக்கன்ஸ் வாசிப்புக்காகச் சில குறிகளை மாற்றி வைத்தார். கிரௌவெலின் விதிப்படி எழுத்துக்கூட்டினால் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண்ணும், ‘என்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எம்’மும் வருகின்றன. அதாவது, சரியான எழுத்தைவிடத் தவறான எழுத்தே மக்களுக்கு நன்றாக வாசிக்கக் கிடைத்தது! ஓர் எழுத்துருவின் வாசிப்புத்தன்மையைப் பற்றி இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனாலும் அந்த உறை அருமையானது. காரணம், அங்கே எழுத்து வாசிக்கப்படுவதற்கு முன் பார்க்கப்படுகிறது. வாங்குபவருக்குக் குழுவின் பெயர் தெரியும். ஒரே சொல், பெரிய அளவு, சுற்றிலும் வெற்றிடம். குளிர்ந்த, விலகி நிற்கும் அந்த இசைக்கு அந்த வடிவம் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் லண்டனின் ஃபவுண்ட்ரி நிறுவனத்தில் ஃப்ரீடா சாக், டேவிட் குவே இருவரும் கிரௌவெலோடு சேர்ந்து அவருடைய எழுத்துகளைக் கணினி எழுத்துருக்களாக்கினார்கள். கணினிக்காக எழுதப்பட்ட எழுத்து முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் கணினியில் தட்டச்சிடும் வடிவில் வந்தது. 2011இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 23 டிஜிட்டல் எழுத்துருக்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது அதில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியலில் கணினித் திரையில் வாசிக்கவென்று செய்த வெர்டானாவும் இருக்கிறது, அமெரிக்கத் தொலைபேசிப் புத்தகத்துக்காக மாத்யூ கார்ட்டர் செய்த பெல் சென்டெனியலும் இருக்கிறது. அவை இரண்டும் தமக்கிட்ட வேலையைச் செய்துமுடித்தவை. இது ஒரு கேள்வியாக மட்டும் அங்கே நிற்கிறது.

இயந்திரத் தேவைக்குப் பிறந்த வடிவம் ‘எதிர்காலம்’ என்பதன் முத்திரையாக மாறியது இது ஒன்றில் மட்டுமில்லை. உங்கள் காசோலையின் அடியில் விநோதமாகப் பருத்த எண்கள் இருக்கின்றனவே, அவற்றின் பெயர் இ-13பி. ஐம்பதுகளில் அமெரிக்காவில், காந்த மையைப் படிக்கும் இயந்திரத்துக்காக உருவானவை. பத்து எண்களும் நான்கு குறிகளும் மட்டுமே. 1970இல் பாப் நியூமன் என்பவர், தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களை விற்ற லெட்ராசெட் நிறுவனத்துக்காக அந்தச் சாயலில் டேட்டா 70 என்று முழு எழுத்துவரிசை செய்தார். காசோலை எண்களுக்கு வங்கியில் வேலை இருந்தது. டேட்டா 70இன் வேலை கணினியை நினைவூட்டுவது மட்டுமே. காந்த இயந்திரம் எதுவும் அதைப் படிக்கவில்லை.

அஞ்சல்தலையில் வந்த இன்னொரு விடை

கிரௌவெலின் கோண எழுத்துகளில் மக்கள் கையில் உண்மையில் புழங்கியது வேறொன்று. ஒலிவெட்டி நிறுவனம் மின் தட்டச்சு இயந்திரத்துக்காகக் கேட்க, 1974 வாக்கில் ஓர் எழுத்துரு வரைந்தார். அந்தத் திட்டம் நின்றுபோனது. எழுத்து மட்டும் பிழைத்து, பின்னாளில் அவருடைய பட்டப்பெயரிலேயே கிரிட்னிக் ஆனது. மூலைகளில் அதே 45 பாகை வெட்டு, அதே கட்டத்தின் விறைப்பு. ஆனால் ‘எம்’ மூன்று காலோடு இருக்கிறது, பழகிய எழுத்து ஒவ்வொன்றும் பழகிய உருவில் இருக்கிறது. நெதர்லாந்து அஞ்சல்துறையின் எண் அஞ்சல்தலைகளில் 1976 முதல் 2002 வரை இந்த எழுத்து ஓடியது. யூரோ வரும்வரை, 26 ஆண்டுகள், வீட்டுக்கு வந்த கடித உறைகளில் அந்தச் சீவிய மூலை எண்கள் இருந்தன. யாரும் திணறவில்லை.

முதல் எழுத்துருவில் கட்டம் எழுத்தை விழுங்கிவிட்டது. இரண்டாவதில் எழுத்து கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் இடையே ஏழே ஆண்டு. உங்கரின் மறுமொழி அவர் மனத்தில் வேலை செய்ததா, அல்லது தட்டச்சு இயந்திரத்தில் உண்மையான கடிதம் எழுதப்போகிறார்கள் என்ற நினைவே போதுமானதாக இருந்ததா? இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். யாரோ ஒருவர் வாசிக்கப்போகிறார் என்று தெரிந்து வரையும் கை வேறு மாதிரி வரையும்.

கோண எழுத்துருவைத் தேர்பவர்களுக்கு

பத்திரிகைப் பக்கமும் அழைப்பிதழும் செய்து பிழைப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு தொழில்நுட்ப நிகழ்ச்சி அழைப்பிதழில் பதிவுக் குறியீட்டைச் சதுர எழுத்துருவில் கோத்தேன். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு. ‘எஸ்’ எது, ஐந்து எது என்று பலருக்குப் புரியவில்லை. பதிவுத்தளம் ஏற்க மறுத்தது. அமைப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் இந்த வகை எழுத்துருவை எடுத்தால் முதலில் மூன்று இணைகளைத்தான் பார்க்கிறேன்: ஐந்தும் ‘எஸ்’ஸும், எட்டும் ‘பி’யும், சுழியமும் ‘டி’யும். இவை குழம்பினால் அந்த எழுத்துருவில் தேதி, நேரம், முகவரி, குறியீடு எதையும் கோப்பதில்லை. அழகான பெயர்ப்பலகை ஆகட்டும், கூட்டம் எத்தனை மணிக்கு என்பதைச் சாதாரண எழுத்து சொல்லட்டும்.

செய்தித்தாள் போன்ற மை உறிஞ்சும் தாளில் சீவிய உள்மூலைகளில் மை தேங்கி உள்வெளி அடைந்துவிடும். அந்தத் தாளுக்கு எழுத்துருவில் கோடு மெல்லியதாக உள்ள வகையை எடுப்பது நல்லது. எழுத்திடைவெளியையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நேர்கோட்டு எழுத்துகள் நெருங்கி நின்றால் வேலிபோல ஆகிவிடும். சொற்கள் ஒன்றோ இரண்டோ இருக்கலாம், மூன்றாவது சொல் வரும்போதே கண் களைக்கத் தொடங்குகிறது.

கிரௌவெல் 2019 செப்டம்பரில் காலமானார். அடுத்த சில நாட்களில், அவர் இருபது ஆண்டு உழைத்த அதே ஸ்டெடெலைக்கில் அவருக்கான கண்காட்சி திறந்தது. தலைப்பு ‘மிஸ்டர் கிரிட்னிக்’.

அக்கா மகளுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். அடிக்கோடு எதற்கு, தலைக்கோடு எதற்கு, ஏன் எல்லாம் ஒரே அகலம் என்று. மறுநாள் காலை உணவு மேசையில் என் கட்டத்தாள் கிடந்தது. பென்சிலில் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். முதல் எழுத்து ‘எம்’. ‘என்’ வடிவம் வரைந்து, ‘எம்’ என்பதால் அடியில் ஒரு கோடு, பெரிய எழுத்து என்பதால் தலையில் ஒரு கோடு. இரண்டும் சரியாக ஐந்து கட்ட அகலம்.